ஐந்து டாலர் டிக்கெட், அடங்காத சத்தம்! - வாஷிங்டனில் ஃபுகாஸி பாடிய இடங்களைத் தேடி ஒரு பயணம்

வாஷிங்டன் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வெள்ளை மாளிகை, நாடாளுமன்றக் கட்டடம், ஊசி மாதிரி நிற்கும் நினைவுத்தூண். சுற்றுலா பஸ்களும் அங்கேதான் நிற்கின்றன. ஆனால், மெட்ரோ ரயிலில் சிவப்பு வழித்தடத்தில் ஏறி டென்லிடவுன் நிலையத்தில் இறங்கி, சில நிமிடங்கள் நடந்தால் வேறு ஒரு வாஷிங்டன் தெரியும்.

அங்கே ஒரு புல்மேடு. அதன் உச்சியில் பழைய கோட்டையைப் போலக் கட்டப்பட்ட தண்ணீர்த் தொட்டிக் கோபுரம். கீழே புல்தரையில் சின்னதாக ஒரு மேடை. கோடைக்காலத்து மாலைகளில் மக்கள் போர்வையும் சாப்பாட்டுப் பையுமாக வந்து உட்கார்கிறார்கள். குழந்தைகள் உருண்டு விளையாடுகிறார்கள். நாய்கள் குரைக்கின்றன. தாத்தாக்கள் மடக்கு நாற்காலியை விரிக்கிறார்கள். அப்போது மேடையில் நாலு பேர் ஏறி, காது கிழிகிற மாதிரி கிதாரை மீட்டுகிறார்கள். டிக்கெட் கிடையாது. மது கிடையாது. எந்த வயதினரும் வரலாம்.

இதுதான் ஃபோர்ட் ரீனோ பூங்கா. 1968-ல் தொடங்கிய இலவசக் கோடைக் கச்சேரிகளின் மேடை. இந்த மேடையில் பல கோடைகளில் பாடிய ஒரு பங்க் இசைக்குழுவின் பெயர் ஃபுகாஸி. பெரிய கம்பெனி இல்லை, விளம்பரம் இல்லை, டி-ஷர்ட் வியாபாரம் இல்லை. ஆனாலும் உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகளை நடத்தினார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு டிக்கெட் விலை வெறும் 5 டாலர்.

ஒரு கச்சேரிக்கு யார் யாரெல்லாம் வர முடியும்? வந்தவர்கள் அடிபடாமல் வீடு திரும்ப முடியுமா? இந்த இரண்டு கேள்விகளையும் இந்தக் குழு அளவுக்கு விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டவர்கள் குறைவு. அதற்கு அவர்கள் கண்ட பதில்கள், இந்த நகரத்தின் தெருக்களில் இன்னும் கிடக்கின்றன.

மேட்டின் பழைய கதை

ஃபோர்ட் ரீனோதான் வாஷிங்டன் நகரத்தின் மிக உயரமான இயற்கை மேடு. கடல் மட்டத்திலிருந்து 409 அடி. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தலைநகரைக் காக்க இங்கே ஒரு கோட்டை எழுப்பினார்கள். 1864 ஜூலையில் தெற்குப் படை நகரத்தை நோக்கி வந்தபோது, இந்த உயரம் காவல் நின்றவர்களுக்குக் கண்ணாக இருந்தது.

போர் முடிந்தது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் இந்த மேட்டைச் சுற்றி வீடு கட்டிக் குடியேறினார்கள். ரீனோ சிட்டி என்று அதற்குப் பெயர். கோயில், பள்ளிக்கூடம், கடை என்று ஓர் ஊரே வளர்ந்தது. பிறகு 1920-களிலும் 30-களிலும் 'பூங்கா வேண்டும், புதுப் பள்ளிகள் வேண்டும், தண்ணீர்த் தொட்டி வேண்டும்' என்று சொல்லி அந்த வீடுகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஊர் காலியானது. அங்கே எழுந்த பள்ளிகள் அன்று வெள்ளையின மாணவர்களுக்கு மட்டுமானவை.

ஆக, இன்று எல்லோரும் இலவசமாக உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் இந்தப் புல்தரை, ஒரு காலத்தில் சிலரை வெளியேற்றி உருவானது. 'யாருக்கு இடம் உண்டு' என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

மேட்டுக்கு எதிரே நிற்கும் உயர்நிலைப் பள்ளிக்கு வுட்ரோ வில்சன் பெயர்தான் பல ஆண்டுகளாக இருந்தது. 2022-ல் அதை ஜாக்சன்-ரீட் உயர்நிலைப் பள்ளி என்று மாற்றினார்கள். 1970-களின் கடைசியில் அந்தப் பள்ளியில் படித்த ஒரு பையன்தான் இயன் மெக்கே. பின்னாளில் ஃபுகாஸியைத் தொடங்கியவர்.

கையில் ஒரு பெருக்கல் குறி

மேட்டிலிருந்து இறங்கி நகர மையத்துக்குப் போனால், எஃப் தெருவில் 930 என்ற எண்ணில் ஒரு பழைய கட்டடம். 1980-ல் இங்கே '9:30 கிளப்' திறந்தது. 199 பேர் நிற்கலாம். உள்ளே போக நீளமான இடைகழி. மேடைக்கு முன்னால் பார்வையை மறைக்கும் ஒரு தூண். எலிகளும் ஒரு விநோதமான நாற்றமும் அந்த கிளப்பின் அடையாளம் என்று இன்றும் சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

அன்று பங்க் இசையைக் கேட்கத் துடித்தவர்களில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். ஆனால், கச்சேரிகள் நடந்ததோ மது விற்கும் கிளப்களில். மது அருந்தும் வயது வராதவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பாட்டுக் கேட்கும் உரிமையை மது பாட்டில் தீர்மானித்தது.

1980 கோடையில் இயனும் நண்பர்களும் 'டீன் ஐடில்ஸ்' என்ற தங்கள் குழுவோடு பஸ் ஏறி அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போனார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கிளப்பில் அவர்களை உள்ளே விட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. 'இவர்களுக்கு மது தரக் கூடாது' என்பதற்கு அடையாளமாக, இரண்டு புறங்கையிலும் பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

பையன்களுக்கு அது அவமானமாகப் படவில்லை, நல்ல யோசனையாகப் பட்டது! ஊர் திரும்பியதும், 'எங்கள் கையிலும் குறி போடுங்கள், குடிக்க மாட்டோம், பாட்டு மட்டும் கேட்கிறோம்' என்று 9:30 கிளப்பிடம் பேசினார்கள். கதவு திறந்தது. வயது வராதவர்களைத் தடுக்க வந்த அந்தக் குறி, நாளடைவில் குடியும் போதையும் வேண்டாம் என்று தாங்களாகவே முடிவெடுத்த இளைஞர்களின் பெருமைச் சின்னமாக உலகம் முழுக்கப் பரவியது.

அந்தப் பழைய இடத்தில் இப்போது கிளப் இல்லை. 1996-ல் அது வி தெருவில் இருக்கும் பெரிய அரங்குக்கு இடம் மாறிவிட்டது.

கத்திரிக்கோலும் பசையும்

போட்டோமாக் ஆற்றைத் தாண்டினால் வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டன். அங்கே ஒரு சாதாரண வீட்டிலிருந்துதான் டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் வளர்ந்தது. அது ரசிகர்கள் போய்க் கதவைத் தட்டும் சுற்றுலாத் தலமல்ல. ஆனால், அதன் கதை தெரிய வேண்டியது.

டீன் ஐடில்ஸ் ஓராண்டிலேயே கலைந்துபோனது. கச்சேரிகளில் சேர்ந்த பணம் சுமார் 600 டாலர் கையில் இருந்தது. பங்கு பிரித்துக்கொள்வதா? 'நம் பாட்டை நாமே இசைத்தட்டாகப் போடுவோம்' என்று முடிவெடுத்தார்கள். 1980 கடைசியில் டிஸ்கார்ட் பிறந்தது. தட்டு அச்சாகி வந்தது, உறை செய்யக் காசில்லை. காகிதத்தைக் கத்திரித்து, மடித்து, பசை தடவி, ஒவ்வோர் உறையையும் கையாலேயே செய்தார்கள். அந்த உறையின் படத்தில் இருப்பதும், பெருக்கல் குறி போட்ட இரண்டு கைகள்தான்.

பெரிய கம்பெனியின் தயவில்லாமல் தானே தயாரித்து, தானே விற்கும் இசைக்கு 'இண்டி' என்று பெயர். இந்தப் பசை வேலைதான் அதன் அசல் பாடம். பின்னர் ஃபுகாஸியின் ஆல்பங்கள் பெரிய கம்பெனி எதுவும் இல்லாமலே லட்சக்கணக்கில் விற்றபோதும், வெளியிட்டது இதே டிஸ்கார்ட்தான். கடைக்காரர் கூடுதலாக வைத்து விற்றுவிடக் கூடாது என்று, தபால் செலவையும் சேர்த்து விலையை உறையிலேயே அச்சிட்டார்கள்.

1987 செப்டம்பர் 3

நகரத்தின் வடமேற்கில் கொலம்பியா ஹைட்ஸ் பகுதி. இர்விங் தெருவில் தேவாலயமாகக் கட்டப்பட்ட ஒரு பெரிய கட்டடம். வில்சன் சென்டர் என்பார்கள். பிற்காலத்தில் அது பள்ளிக்கூடமாகவும் ஆனது. 1987 செப்டம்பர் 3 அன்று, இங்கேதான் ஃபுகாஸி முதன்முதலாக மேடை ஏறியது.

பெயருக்கு என்ன அர்த்தம்? வியட்நாம் போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களின் பேச்சில் 'எல்லாம் குழம்பிச் சீரழிந்த நிலைமை' என்பதைக் குறிக்கும் சொல் அது. கிதாரும் குரலும் இயன் மெக்கே. பேஸ் கிதார் ஜோ லாலி. டிரம்ஸ் பிரெண்டன் கேன்டி. விரைவிலேயே நாலாவது ஆளாக கை பிச்சியோட்டோ சேர்ந்தார். ஆரம்பத்தில் அவர் கையில் கிதார்கூட இல்லை. பாடுவார், ஆடுவார், அவ்வளவுதான். கிதார் பிறகு வந்தது. அன்று முதல் கடைசிவரை இதே நாலு பேர்.

விளக்கு அணையாத மேடை

ஃபுகாஸி கச்சேரி எப்படி இருக்கும்? ஒலிப்பதிவுகளும் படங்களும் நிறையவே இருப்பதால், இன்றும் கண்ணால் பார்த்து, காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் கண்ணில் படுவது, என்னென்ன இல்லை என்பதுதான். கலர் விளக்கு இல்லை. புகை இல்லை. பின்னணித் திரை இல்லை. சாதாரண வெள்ளை விளக்கு. மேடையும் பல இடங்களில் முழங்கால் உயரம்தான். முதல் வரிசை ரசிகருக்கும் பாடகருக்கும் நடுவே இரும்புத் தடுப்பு இல்லை, முறைத்துக்கொண்டு நிற்கும் குண்டர்களும் இல்லை. நான்கு பேரும் தெருவில் நடந்து வந்த அதே உடையில் வந்து ஒயரைச் செருகுவார்கள். வாஷிங்டனிலிருந்து வரும் ஃபுகாஸி என்று ஓர் அறிமுகம். அடுத்த நொடி இடி!

எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று எழுதிவைத்த பட்டியல் கிடையாது. ஒருவர் ஒரு சின்ன இசைத் துணுக்கை வாசிப்பார். மற்ற மூவரும் அதைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அதனால் இருக்கிற எல்லாப் பாட்டும் எந்த நேரமும் நால்வருக்கும் விரல் நுனியில் இருந்தாக வேண்டும். ஒரு நாள் கச்சேரி மாதிரி மறுநாள் கச்சேரி இருக்காது. அதே ஊரில் இரண்டு நாள் நடந்தால் இரண்டு நாளும் வருபவர்கள் உண்டு.

அவர்களின் மிகப் பிரபலமான பாட்டு 'வெயிட்டிங் ரூம்'. ஜோ லாலியின் பேஸ் கிதார் தனியாகத் தொடங்கும். தலை தானாக ஆடும். டிரம்ஸும் கிதாரும் வந்து சேரும். கூட்டம் குதிக்கத் தயாராகும். அப்போது சட்டென்று எல்லாமே நிற்கும்! சில நொடிகளுக்கு முழு அமைதி. காற்றில் காலைத் தூக்கிய நிலையிலேயே நூற்றுக்கணக்கானவர்கள் காத்திருப்பார்கள். 'காத்திருக்கும் அறை' என்ற தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான இசை வேண்டுமா? பிறகு நால்வரும் ஒரே அடியில் திரும்ப வருவார்கள். கூடமே அதிரும்.

பிரெண்டன் கேன்டியின் டிரம்ஸ் செட்டில் ஒரு பெரிய மணி தொங்கும். சத்தத்தின் உச்சத்தில் 'டாங்' என்று அது ஒலிக்கும்போது, பழைய தேவாலயக் கூடங்களில் அது வேறு ஒரு அர்த்தம் தரும். கை பிச்சியோட்டோவோ ஓர் இடத்தில் நிற்க மாட்டார். வளைவார், விழுவார், ஆம்ப்ளிஃபையர் மேல் ஏறுவார். 1988-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஜிம்னாசியத்தில் நடந்த கச்சேரியில், கூடைப்பந்து வளையத்துக்குள் நுழைந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டே பாடினார். ஜெம் கோஹன் இயக்கி 1999-ல் வெளியான 'இன்ஸ்ட்ருமென்ட்' என்ற ஆவணப்படத்தில் அந்தக் காட்சி இருக்கிறது. பார்க்கிற நமக்கு வயிற்றைக் கலக்கும். அவர் ஒரு வரியையும் விடவில்லை!

இவ்வளவு ஆட்டத்துக்கும் நடுவில் ஜோ லாலி மட்டும் ஆலமரம் மாதிரி அசையாமல் நின்று தாளத்தைப் பிடித்துவைத்திருப்பார். மற்ற மூவரும் எவ்வளவு தூரம் ஓடினாலும் திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது என்பது போல.

'சார், கொஞ்சம் நிறுத்துங்க!'

அந்தக் காலத்துப் பங்க் கச்சேரிகளில் 'ஸ்லாம் டான்ஸ்' என்று ஒன்று உண்டு. மேடைக்கு முன்னால் உடம்போடு உடம்பு மோதிக்கொள்வார்கள். மேடையேறி, கூட்டத்தின் தலைமேல் குதிப்பார்கள். தொடக்கத்தில் அது ஜாலியான தள்ளுமுள்ளு. போகப்போக முழங்கையும் பூட்ஸும் பேச ஆரம்பித்தன. பலசாலிப் பையன்கள் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்களும் சின்னப் பிள்ளைகளும் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

அதே காசு கொடுத்துத்தானே அவர்களும் வந்தார்கள்? அவர்கள் ஏன் பின்னால் நிற்க வேண்டும்?

ஃபுகாஸி எடுத்த முடிவு எளிமையானது. யாராவது அடுத்தவரை இடித்தால், பாட்டை நிறுத்துவது. ஆமாம், பாதியில்! நூற்றுக்கணக்கானவர்கள் உச்சக்கட்ட உற்சாகத்தில் இருக்கும்போது இசை நின்றுபோகும். இயன் மைக்கில் அந்த நபரைப் பார்த்து, 'சார்' என்று மரியாதையாகவே கூப்பிட்டுப் பேசுவார். அந்த மரியாதையே ஓர் அடி. கேட்கவில்லை என்றால், மேடைக்கு வரவழைத்து, இடித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னதும் உண்டு.

அப்படியும் அடங்கவில்லையா? வெளியே அனுப்பிவிடுவார்கள். சும்மா அல்ல. குழுவிடம் 5 டாலர் நோட்டு போட்ட கவர்கள் தயாராக இருந்தன. வெளியே போகிறவர் கையில் ஒரு கவர். 'உங்கள் காசு உங்களிடம். கணக்கு தீர்ந்தது!'

ஒரு முறை கூட்டத்தில் முறுக்கிக்கொண்டு திரிந்த ஒரு இளைஞனைப் பார்த்து, கை பிச்சியோட்டோ மைக்கில் ஒரு ரகசியத்தைப் போட்டு உடைத்தார். கச்சேரிக்கு முன்பு அவன் வெளியே வண்டியில் ஐஸ்க்ரீம் வாங்கிச் சின்னப் பையன் மாதிரி சாப்பிட்டதைத் தான் பார்த்துவிட்டதாக! கூட்டம் சிரித்தது. சண்டியர் வேஷம் அந்த நொடியே கலைந்தது. இந்தச் சம்பவமும் அந்த ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கிறது. ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை இது.

'பாட வந்தீர்களா, பாடம் நடத்த வந்தீர்களா?' என்று எரிச்சலடைந்தவர்களும் இருந்தார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வேகம் ஏறுகிற நேரத்தில் நிறுத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது? 'இவர்கள் குளிரில் ஹீட்டர்கூடப் போடாமல், வெறும் சோறு சாப்பிட்டு வாழும் சாமியார்கள்' என்று வதந்திகூடக் கிளம்பியது. ஆனால், முன்வரிசையில் பயமில்லாமல் நின்று ஆட முடிந்த ஒரு பெண்ணைக் கேட்டால் பதில் வேறாக இருக்கும். தெருவில் நடக்கும் ஒரு பெண் அன்றாடம் சந்திக்கும் சீண்டல்களைப் பற்றிய 'சஜெஷன்' என்ற பாட்டு அவர்களிடம் உண்டு. சில கச்சேரிகளில் அதைப் பாட ஒரு பெண்ணே மேடையேறினார். அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே, கண்ணெதிரே பெண்கள் நசுக்கப்படுவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

5 டாலர் கணக்கு

5 டாலரில் எப்படிக் கட்டுப்படியானது? இதில் மாயம் ஒன்றும் இல்லை. செலவைக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

மேனேஜர் கிடையாது. எந்த ஊரில் எப்போது என்று போன் போட்டுப் பேசி ஏற்பாடு செய்வது இயன் மெக்கேயே. பயணம் சொந்த வேனில். ஆரம்ப ஆண்டுகளில் ராத்தங்கல் தெரிந்தவர்கள் வீட்டுத் தரையில். விளக்கு அலங்காரம் இல்லாததால் அதற்கு லாரியும் வேண்டாம், ஆட்களும் வேண்டாம். மது விற்று லாபம் பார்க்கும் கிளப்களுக்குப் பதில் தேவாலயக் கூடம், சமுதாயக் கூடம், பள்ளி ஜிம்னாசியம் என்று இடம் பிடித்தார்கள். அங்கே வயது வரம்பும் பிரச்னையில்லை. எந்த வயதினரும் வரலாம் என்பது அவர்களின் மாறாத நிபந்தனை.

டி-ஷர்ட் விற்கவில்லை. ரசிகர்களோ விடவில்லை. 'இது ஃபுகாஸி டி-ஷர்ட் அல்ல' என்று எழுதிய டி-ஷர்ட்டை வேறு யாரோ அச்சடித்து விற்றார்கள்! 90-களில் பங்க் இசைக்கு மவுசு கூடி, பெரிய கம்பெனிகள் காசோலையோடு அலைந்தபோதும், இவர்கள் டிஸ்கார்டை விட்டு நகரவில்லை. சொந்த ஊரான வாஷிங்டனில் நடத்திய கச்சேரிகளோ ஏறக்குறைய எல்லாமே இலவசம், அல்லது ஏதாவது ஒரு பொதுக் காரியத்துக்கான நிதி திரட்டல்.

அந்த நிதி திரட்டல்களின் முகவரிகளில் ஒன்று, 16-வது தெருவும் நியூட்டன் தெருவும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் செயின்ட் ஸ்டீபன் தேவாலயம். 1985-ல் உருவான 'பாசிட்டிவ் ஃபோர்ஸ்' என்ற இளைஞர் அமைப்பு, வீடற்றவர்களுக்கும் முதியவர்களுக்கும் உதவும் அமைப்புகளுக்காக இதுபோன்ற கூடங்களில் கச்சேரிகளை நடத்தியது.

சிறைக்குள், மாளிகைக்கு வெளியே

1990 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நகரத்துக்குத் தெற்கே, வர்ஜீனியாவில் இருந்த லார்ட்டன் சிறைக்குப் போய்க் கைதிகளுக்கு முன்னால் ஃபுகாஸி வாசித்தது. பண்டிகை முடிந்து வீடு வெறிச்சோடும் நாள் அது. வீடே இல்லாமல் உள்ளே இருப்பவர்களுக்கு? அந்தச் சிறை 2001-ல் மூடப்பட்டது. வளாகத்தின் ஒரு பகுதி இப்போது 'வொர்க்ஹவுஸ்' என்ற கலை மையம். ஓவியர்களின் கூடங்களும், அங்கே அடைக்கப்பட்ட பெண் வாக்குரிமைப் போராளிகளைப் பற்றிய அருங்காட்சியகமும் இருக்கின்றன. காரில் வருபவர்கள் ஒரு பகல் ஒதுக்கலாம்.

அடுத்த மூன்று வாரத்துக்குள், 1991 ஜனவரி 12 அன்று, வெள்ளை மாளிகைக்கு நேர் எதிரே இருக்கும் லஃபாயெட் பூங்காவில் அதே நாலு பேர். வளைகுடாப் போர் தொடங்கச் சில நாட்களே இருந்தன. போருக்கு எதிராகவும், வீடற்றவர்களின் நிலையைச் சொல்லவும் பாசிட்டிவ் ஃபோர்ஸ் ஏற்பாடு செய்த கூட்டம் அது. ஜனவரிக் குளிரில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் திரண்டார்கள். போர் நிற்கவில்லை. ஆனால், இன்று அந்தப் பூங்காவின் வேலிப் பக்கம் நின்று செல்ஃபி எடுப்பவர்களின் முதுகுக்குப் பின்னால்தான், அன்று அந்த மணி 'டாங்' என்று ஒலித்தது என்பதை எந்தப் பலகையும் சொல்வதில்லை.

நூலகத்தில் ஒரு கலவரம்

2002 நவம்பரில் லண்டனில் நடந்த கச்சேரிகளோடு ஃபுகாஸி ஓய்வெடுத்துக்கொண்டது. 'முடிந்தது' என்று சொல்லவில்லை, 'காலவரையற்ற இடைவெளி' என்றார்கள். வெயிட்டிங் ரூம் பாட்டின் அந்த அமைதி மாதிரி. இந்த முறை நொடிகள் அல்ல, 20 ஆண்டுகளுக்கும் மேல்!

ஆனால், கச்சேரிகள் காணாமல் போகவில்லை. அவர்களின் ஒலிப் பொறியாளர்கள் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்துவைத்த நூற்றுக்கணக்கான கச்சேரிகளை 2011 முதல் இணையத்தில் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். எந்த ஊர், எந்தத் தேதி, வாசலில் என்ன விலை, எத்தனை பேர் வந்தார்கள் என்ற விவரங்களும் கூடவே இருக்கும். ஒரு கச்சேரியைத் தரவிறக்க அவர்கள் சொல்லும் விலை என்ன தெரியுமா? அதே 5 டாலர். முடியாதவர்கள் 1 டாலர் கொடுக்கலாம். பாட்டுக்கு நடுவே இயன் யாரையோ அதட்டுவதும், கூட்டம் சிரிப்பதும், கிதாருக்குச் சுருதி சேர்ப்பதும் எதுவும் வெட்டப்படவில்லை.

ஜி தெருவில் இருக்கும் மார்ட்டின் லூதர் கிங் நினைவு நூலகத்துக்கும் அவசியம் போக வேண்டும். கட்டடக்கலை மேதை மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த கறுப்பு இரும்பும் கண்ணாடியுமான கட்டடம். 2014-ல் வாஷிங்டன் பொது நூலகம் பங்க் இசைக்கென்றே ஓர் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியது. விளக்குக் கம்பங்களில் ஒட்டிய ஜெராக்ஸ் நோட்டீஸ்கள், கையெழுத்துப் பத்திரிகைகள், புகைப்படங்கள், கேசட்டுகள் என்று ஒரு தலைமுறையின் சத்தம் அங்கே அட்டைப்பெட்டிகளில் அமைதியாக உறங்குகிறது. ரொம்பவும் அமைதியாக என்று சொல்ல முடியாது. நூலகமே அவ்வப்போது பங்க் கச்சேரிகளை நடத்துகிறது. 'சத்தம் போடாதே' என்று சொல்ல வேண்டிய இடத்தில்!

மேடு பிழைத்த கதை

கடைசியாக மறுபடியும் ஃபோர்ட் ரீனோ.

2014 கோடையில் இந்தக் கச்சேரிகள் நின்றுபோகும் நிலை வந்தது. ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு பூங்காக் காவலரை நிறுத்த வேண்டும், அதற்கான செலவை ஏற்பாட்டாளர்களே கட்ட வேண்டும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். டிக்கெட்டே இல்லாத கச்சேரிக்குக் காவல் கட்டணம் எங்கிருந்து வரும்? 'இந்த வருஷம் கச்சேரி இல்லை' என்று ஏற்பாட்டாளர் அமாண்டா மெக்கே அறிவித்தார். இயன் மெக்கேயின் தங்கை இவர்.

ஊர் சும்மா இருக்கவில்லை. ஆன்லைனில் மனு போனது. கையெழுத்துகள் குவிந்தன. நாடாளுமன்றத்தில் வாஷிங்டனின் பிரதிநிதியான எலினார் ஹோம்ஸ் நார்ட்டன் தலையிட்டார். பேச்சுவார்த்தை நடந்தது. அந்தக் கோடையிலேயே மேடையில் மறுபடி மைக் ஏறியது.

சண்டையில்லாமல், குடியில்லாமல், குழந்தைகளோடு மக்கள் கூடும் ஓர் இடத்தைக் காப்பாற்றக்கூட இவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கிறது. 'இலவசம்' என்று நாம் சொல்லும் எதுவும் இலவசமாக நடப்பதில்லை. யாரோ ஒருவர் தன் மாலைகளைக் கொடுத்திருப்பார். யாரோ ஒருவர் மைக்கைச் சுமந்திருப்பார்.

இன்றைக்கு இந்த மேட்டில் ஃபுகாஸி இல்லை. ஜோ லாலியும் பிரெண்டன் கேன்டியும் 'மெஸ்தெடிக்ஸ்' என்ற குழுவில் வாசிக்கிறார்கள். இயன் மெக்கே 2020-ல் 'கோரிக்கி' என்ற குழுவோடு ஓர் ஆல்பம் வெளியிட்டார். ஃபோர்ட் ரீனோ மேடையிலோ ஒவ்வொரு கோடையிலும் புதுப்புதுப் பிள்ளைகள். சிலருக்கு முதல் மேடையே இதுதான். கிதாரைவிடக் கொஞ்சம்தான் உயரமாக இருப்பார்கள். சுருதி தப்பும். தாளம் ஓடும். கீழே உட்கார்ந்திருக்கும் ஊர் கைதட்டும்.

முன்வரிசையில், மேடைக்கு மிகப் பக்கத்தில் நின்று ஆடுவது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். அவர்களை யாரும் இடிப்பதில்லை.

போக நினைப்பவர்களுக்கு...

* ஃபோர்ட் ரீனோ பூங்காவுக்கு டென்லிடவுன் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடக்கலாம். கச்சேரிகள் கோடை மாதங்களில் மட்டும்தான், அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மதுவுக்கும் கண்ணாடி பாட்டிலுக்கும் அனுமதி இல்லை. மழை வந்தால் கச்சேரி கிடையாது.

* வில்சன் சென்டர் கட்டடத்தையும் செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தையும் பார்க்க, கொலம்பியா ஹைட்ஸ் நிலையத்தில் இறங்கி ஒரே நடையில் முடிக்கலாம்.

* இன்றைய 9:30 கிளப்புக்கும், 1993-ல் தொடங்கிய 'பிளாக் கேட்' அரங்குக்கும் யூ ஸ்ட்ரீட் நிலையம் பக்கம். இரண்டிலும் இன்றும் கச்சேரிகள் நடக்கின்றன.

* மார்ட்டின் லூதர் கிங் நூலகத்துக்கு கேலரி பிளேஸ் நிலையம். நுழைவு இலவசம். காப்பகப் பெட்டிகளைத் திறந்து பார்க்க விரும்பினால், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது.

* கச்சேரிக்குப் போனால் காதுக்குப் பஞ்சு அல்லது இயர் பிளக் அவசியம். குழந்தைகளுக்குக் கட்டாயம்!